மீன்கடைக்காரியின் பியானோவும் என் மைஸ்டர் பரீட்சையும்

தலைமயிர் வெட்டிப் பிழைக்கிறவளுக்குக் கத்தரிக்கோலைவிடக் காதுதான் சீக்கிரம் தேயும். நாள் முழுக்க நின்றுகொண்டு, வாடிக்கையாளரோடு சிரித்துப் பேசியே வயிறு வளர்க்கும் என் இனத்தாரே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஜெர்மனியில், வுப்பர்டால் நகரில் நான் வேலைசெய்யும் சலூனில் நாற்காலிகளுக்கு எதிரே ஒரு டிவி இருக்கிறது. விடுமுறைக்குப் போன முதலாளியம்மா ரிமோட்டையும் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். டிவியில் செருகியிருந்த பென்டிரைவில் இருந்தது ஒரே ஒரு கொரியப் படம், கீழே ஜெர்மன் எழுத்தோடு. முடிந்ததும் தானாகவே மறுபடி தொடங்கும். வருகிறவர்கள் தங்கள் வேலை முடியும்வரை பார்ப்பார்கள். பார்த்த துண்டை வைத்துக்கொண்டு முழுப்படத்துக்கும் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

படம் பொய்யைப் பற்றியது. மீன்கடையில் வேலைசெய்யும் ஒரு பெண், தனக்குப் பிடித்தவனிடம் தான் பியானோ ஆசிரியை என்று சொல்லிவிடுகிறாள். பிறகு அதைக் காப்பாற்ற வரிசையாகப் பொய். ஊரே சிரித்த படம் எனக்கு மட்டும் என் கதையாகவே பட்டது. இங்கே சொந்தத் தொழில் தொடங்க எழுத வேண்டிய மைஸ்டர் பரீட்சையின் எழுத்துப் பகுதியில் நான் கோட்டைவிட்டிருந்தேன். அது இல்லாமல் சொந்தச் சலூன் என்ற என் ஆசை நடக்காது. ஆனால் என் கணவர் சிறியிடம் “பாஸ்” என்று சொல்லியிருந்தேன். மறுபடி எழுத வெள்ளிக்கிழமைக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பித்தால் மூன்று மாதம் மாலை வகுப்பு. வீட்டில் உண்மையைச் சொல்லாமல் எப்படிப் போவது?

போன மாதம் முடிவுக் கடிதம் வந்த அன்று, சிறி அதைத் தபாலோடு சமையலறை மேசையில் எடுத்து வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தார். உறை ஒட்டியபடியே இருந்தது. உறையின் வாயோரத்தில் ஒரு சோற்றுப் பருக்கைகூடக் காய்ந்திருந்தது. பிரித்துப் படித்துவிட்டு, அவர் வேலையால் வருமுன் கைப்பைக்குள் ஒளித்துவிட்டேன். கார் டயர் மாற்றினாலே நாலு பேருக்குப் போன் போடுகிற மனுசன், என் “பாஸ்” செய்தியை ஒருவருக்கும் சொல்லவில்லை. “நல்லது” என்றதோடு சரி. அது வேறு எனக்குச் சுட்டது.

புருவம், பத்து நிமிடம்

திங்கட்கிழமை வந்தவள் தர்சினி. இங்கேயே வளர்ந்த பிள்ளை, ஆஸ்பத்திரியில் தாதி. நூலால் புருவம் எடுக்கும்போது, உட்கார்ந்திருப்பவர் இரண்டு கையாலும் தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும், அசையக் கூடாது. இவளோ ஒற்றைக் கண்ணால் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகத்தில் மீன் செதிலோடு அந்தப் பெண் உணவகத்தில் உட்கார்ந்து, “நான் காலையிலிருந்து பியானோ வாசித்தேன்” என்று கண் வெட்டாமல் சொல்கிறாள். தொடக்கம் உண்மையிலேயே நல்ல பகிடி. தர்சினி குலுங்கியதில் நூல் வழுக்கி இடப்புருவம் கொஞ்சம் மெலிந்துபோனது.

கண்ணாடியில் பார்த்தவள் புருவத்தைப் பற்றிக் கவலைப்படவேயில்லை. “படம் நல்லாத்தான் இருக்குது அக்கா. ஆனா அந்த ஆளுக்கு மூக்கு இல்லையே?” என்றாள்.

டை, நாற்பது நிமிடம்

மளிகைக்கடை நடேசன் அண்ணை மாதத்தில் ஒருநாள் தலைக்கும் மீசைக்கும் டை அடிக்க வருவார். வீட்டில் சொல்லியிருப்பது “மயிர் வெட்டப் போறன்” என்று. அவருக்குக் கிடைத்தது நடுப்பகுதி. காதலன் ஆசையாக ஒரு பியானோ வாங்கி அனுப்புகிறான். நாலு ஆட்கள் அதை ஐந்தாம் மாடிக்குத் தூக்கி ஏற, அவள் விரலில் கட்டுப் போட்டுக்கொண்டு கதவைத் திறக்கிறாள். படத்திலேயே சிறந்த இடம் அதுதான்.

அண்ணைக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒரு ஆம்பிளையை இப்படியும் ஏமாற்றலாமா என்று மூச்சுவிடாமல் பேசினார். நான் தலையைக் குனிந்துகொண்டு பூசினேன். கடைசியில் சொன்னார்: “கட்டப்போற மனிசனுக்குப் பொய் சொல்லுறது மகா பாவம், கண்டியளோ. காதுக்குப் பின்னாலையும் வடிவாப் பூசுங்கோ, மனிசி அங்கைதான் பார்க்கிறவ.”

ஃபேஷியல், கண்ணை மூடியபடி

புதன்கிழமை புஷ்பம் அக்கா. முகம் முழுக்கக் களிம்பு, கண்ணுக்கு மேல் வெள்ளரித் துண்டு. படத்தைக் காதால் மட்டும் கேட்டார். இரண்டாம் பாதி அது. ஆஸ்பத்திரி, மழை, அழுகை, திரும்பவும் மழை. இயக்குநருக்குச் சிரிக்கவைக்கத் தெரிந்த அளவுக்கு நிறுத்தத் தெரியவில்லை. அரைமணி நேரத்தை வெட்டியெறிய என் கத்தரிக்கோலைக் கொடுத்திருப்பேன்.

கொரிய மொழி விளங்குகிறதா அக்கா என்று பகிடியாகக் கேட்டேன், வழக்கத்தைவிடச் சத்தமாகச் சிரித்துக்கொண்டு. வெள்ளரித் துண்டை அசைக்காமல் அவர் சொன்னார்: “பாஷை விளங்கேல்லைப் பிள்ளை. ஆனா அவ சிரிச்சுச் சிரிச்சுக் கதைக்கேக்க பொய், அழேக்க உண்மை, அது விளங்குது. நீர் ஏன் இண்டைக்கு இவ்வளவு சிரிக்கிறீர்?”

கடைசி இருபது நிமிடம்

வியாழக்கிழமை வேலை முடிந்து சிறி முடி வெட்ட வந்தார். விண்ணப்பத்துக்கு ஒருநாள்தான் மிச்சம். துணியைப் போர்த்தி ஒரு பக்கம் வெட்டி முடித்தபோது டிவியில் கடைசிக் காட்சி. ரயில் நிலையத்தில் அவள் எல்லாவற்றையும் கொட்டுகிறாள். அவனோ, முதல் நாளே மீன் வாசம் பிடித்துவிட்டேன், நீயாகச் சொல்லட்டும் என்று இருந்தேன் என்கிறான்.

எனக்குப் பொறுக்கவில்லை. “இதுதான் படத்தின்ரை பெரிய பிழை. முதல் நாளே தெரிஞ்சவன் இவ்வளவு நாளும் வாயைப் பொத்திக்கொண்டு இருப்பானே? காதிலை பூச்சுத்துறாங்கள்” என்றேன்.

அவர் கண்ணாடிக்குள் என்னைப் பார்த்தார். “கவரைத் திருப்பி ஒட்ட வீட்டிலை பசை இருக்கேல்லை, கலா. சோத்தாலைதான் ஒட்டினனான்.”

கை நின்றுவிட்டது. அந்தப் பருக்கை கண்முன் வந்தது. வெட்கமாக இருந்தது, ஒரு மாதம் சுமந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்ததுபோலவும் இருந்தது. கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே, வாடிக்கையாளர் பார்க்க, அழுதேன். ஏன் கேட்கவில்லை என்று மட்டும் கேட்க முடிந்தது.

“தோத்ததே உமக்குப் பெரிய அடி. பொய்யையும் பிடிச்சு இன்னொண்டு குடுக்கச் சொல்லுறீரே? நாளைக்கு அந்த விண்ணப்பத்தை அனுப்பும், வகுப்பு நாளிலை சமையல் நான். இப்ப மற்றப் பக்கத்தையும் வெட்டும், சனம் பார்க்குது.”

விண்ணப்பம் மறுநாள் காலையிலேயே போய்விட்டது. படத்துக்கு என் தீர்ப்பு என்னவென்றால், முதல் பாதி அருமை, பிற்பாதியில் மழை கூடிவிட்டது, முடிவை மட்டும் இனி யாராவது குறைசொன்னால் அவர் தலையில் ஒரு பக்கம்தான் வெட்டி அனுப்புவேன்.