அப்பா இடித்த சுவர்

ஈர சிமென்ட் வாசனை வந்ததும் எனக்கு அப்பா நினைவு வந்தது. போன மாதப் புயலில் முடிச்சூரில் எங்கள் வீடு மூழ்கியது. இப்போது கொத்தனார் வாசலை மறித்து இடுப்பளவுக்குச் சுவர் எழுப்புகிறார்.

என் சின்ன வயதில் இதே வாசலில் அப்பா ஒரு சுவர் கட்டினார். லுங்கியை மடித்துக் கட்டி, பீடியைக் கடித்தபடி தானே பூசினார். அம்மா அதன்மேல் மிளகாய் காயவைப்பாள்.

அந்த வருட மழையில் தெருவெல்லாம் வெள்ளம். வாசல் வழியாக ஒரு சொட்டு வரவில்லை. அப்பா சுவரைத் தட்டிக்கொடுத்தார். அப்போதுதான் பாத்ரூம் ஓட்டையில் சாக்கடை கொப்பளித்தது. அம்மா கோணிப்பையைத் திணித்து அதன்மேல் ஏறி நின்றாள். தண்ணீர் அவள் முழங்காலைத் தாண்டியது.

மறுநாள் தெருவில் வெள்ளம் வடிந்துவிட்டது. எங்கள் வீட்டுக்குள் மட்டும் அப்படியே நின்றது. சுவர் ஒரு சொட்டைக்கூட வெளியே விடவில்லை.

"இடிச்சிடுங்க," என்றாள் அம்மா. அப்பா கடப்பாரையை எடுத்தார்.

இப்போது கொத்தனார் கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "சுவரு சரி சார். பாத்ரூம் ஓட்டைய இன்னா பண்றது?"

"இன்னும் ஒரு வரிசை கல்லு வைங்க," என்றேன்.