நான் கை உயர்த்தாத கூட்டம்

கலியாணம் முடித்துக் காங்கேசன்துறையில் குடியேறிய காலத்தில், எழுப்புதல் கூட்டம் எங்கே நடந்தாலும் நான் சைக்கிளில் போய்விடுவேன். கூட்ட முடிவில் போதகர், இயேசுவை ஏற்றுக்கொள்ள விரும்புகிறவர்களைக் கை உயர்த்தச் சொல்வார். என் கை உயரும்.

முதல் தடவை உயர்த்தியபோது எனக்குக் கலியாணமாகவில்லை; பத்தொன்பது வயது. அன்று நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது உண்மை. ஆனால் கோபம் எனக்குப் பிறவிக் குணம். இரண்டு கிழமைக்குள் யாரோடாவது சீறி விழுவேன். ‘நீ இரட்சிக்கப்படவேயில்லை’ என்று மனம் சொல்லும். அடுத்த கூட்டத்தில் மறுபடியும் கை. எட்டோ ஒன்பதோ தடவை உயர்த்தியிருப்பேன். உயர்த்தியவர்களுக்குக் கொடுக்கும் சின்னப் புத்தகங்கள் வீட்டில் ஓர் அடுக்குச் சேர்ந்தன. மேசை ஆடாமலிருக்க மனைவி அவற்றிலொன்றை அதன் காலின்கீழ் வைத்திருந்தாள்.

ஒரு நாள் காலை சீமெந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் புறப்பட்டால், சைக்கிளின் பின் சில்லில் காற்றில்லை. பம்பை மனைவி பக்கத்து வீட்டுக்குக் கொடுத்திருந்தாள். அப்போது அவளுக்கு ஏழு மாதம். எப்போதும் ‘நீர்’ என்று கதைக்கிறவன், “உனக்குக் கொஞ்சமும் அறிவில்லையோ?” என்று கத்தினேன். அவள் கண் கலங்கியதைப் பார்த்தும் பாராதவன்போல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன்.

பின்னேரம் வந்ததும் அவளிடம் போகவில்லை. முன்னறையில் முழந்தாளிட்டு, “ஆண்டவரே, இன்றிலிருந்து என்னைப் புதிதாக ஏற்றுக்கொள்ளும்” என்று அழுதேன். குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் வாசலில் வந்து நின்றாள்.

“என்ன, திரும்பவும் முதலிலை இருந்தோ?”

“ஓம். இரட்சிக்கப்பட்டவன் உம்மோடை அப்பிடிக் கத்துவானோ?”

“போன மாசமும்தான் கத்தினீங்கள். அதுக்காக நான் உங்கடை பெண்சாதி இல்லையெண்டு போச்சுதோ? ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் சேர்ச்சுக்குப் போய்த் திரும்பத் தாலி கட்டினனீங்களோ?”

நான் எழுந்து கண்ணைத் துடைத்தேன். அவள் விடவில்லை.

“என்னட்டை மன்னிப்புக் கேளுங்கோ. அவரிட்டையும் கேளுங்கோ. ஆனா அவர் உங்களை விட்டிட்டுப் போட்டார் எண்டு ஆர் சொன்னது?”

அவள் குசினிக்குத் திரும்பியதும் வேதப்புத்தகத்தை எடுத்தேன். தம்முடையவர்களை ஒருவரும் தம் கையிலிருந்து பறிக்க முடியாதென்று இயேசு சொல்லும் இடம். பலமுறை வாசித்த இடந்தான். இத்தனை வருடமும் என் பிடி உறுதியா என்றே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பிடித்திருந்தவர் அவரல்லவா! எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை. குசினிக்கு ஓடிப்போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். “முதலிலை இந்தத் தேங்காயைத் துருவித் தாங்கோ” என்று துருவலையை என் பக்கம் தள்ளினாள்.

மறுநாள் வேலைத்தலத்தில் பாடிக்கொண்டு திரிந்தேன். குருநகரிலிருந்து வரும் கத்தோலிக்க நண்பன், “என்ன அண்ணை, சுவீப் டிக்கெற்றிலை பரிசு விழுந்திட்டுதோ?” என்று கேட்டான்.

“அதிலும் பெரிசு!” என்றேன்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். கை உயர்த்தும் நேரம் வந்தது. நான் பேசாமல் இருந்தேன். போதகர் என் பக்கம் பார்த்து, “இன்னும் ஒருவர் இருக்கிறார்” என்று காத்திருந்தார். மனைவி சிரிப்பை அடக்கச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கூட்டம் முடிந்ததும் அவரே என்னிடம் வந்தார்.

“தம்பி, இண்டைக்கு ஏன் கை உயர்த்தேல்லை?”

“முதல்முதல் உயர்த்தினதே போதும் ஐயா. அண்டைக்குப் பிடிச்சவர் இன்னும் விடேல்லை.”

அவர் பெரிதாகச் சிரித்து என்னைக் கட்டிக்கொண்டார்.

கோபம் ஒரேயடியாக என்னை விட்டுப் போகவில்லை. ஆனால் கோபப்பட்டால் அவளிடம் போய்ச் சமாதானமாகிவிட்டுத்தான் ஜெபிக்கப் போவேன். பயந்து கெஞ்சிய ஜெபங்கள் சுருங்கின; ஜெப நேரத்தில் பாதிக்கு மேல் நன்றி சொல்வதிலேயே போயிற்று. எங்களுக்கு மகள் பிறந்தாள். அவளுடைய ஞானஸ்நானத்தன்று நான் பாடிய சத்தத்தில் பிள்ளை விழித்து வீரிட்டு அழுதது. மனைவி முழங்கையால் இடித்தாள். நான் நிறுத்தவில்லை.