ஆட்டம் கண்ட பேரிங்

அப்பா பிடிவாதக்காரர். அத்தை அவருடைய தங்கை, கேட்கவா வேண்டும்! தாத்தாவும் பாட்டியும் போனபிறகு அவளைப் பெற்ற பெண்ணைப்போல வளர்த்து, டிப்ளமோ படிக்க வைத்தவர் அப்பா. ஓசூரில் அவளுக்கு வேலை கிடைத்தபோது, அனுப்பவே மாட்டேன் என்று குதித்தவரும் அவரேதான்.

அந்தச் சமயத்தில் அத்தை ஒரு பொம்மை விமானத்தின் இன்ஜினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். காயலான் கடையில் கிடைத்தது. உள்ளங்கையில் அடங்கினாலும் விளக்கெண்ணெய் கலந்த எரியெண்ணெய் ஊற்றினால் ஓடும் நிஜ இன்ஜின். உள்ளே அச்சைத் தாங்கும் இரண்டு பேரிங்கும் துருவேறி இறுகிக் கிடந்தன.

“இத்த ஓட வச்சுக் காட்டு, ஓசூருக்குப் போ. அதுவரைக்கும் அந்தப் பேச்சே எடுக்காத,” என்றார் அப்பா.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில் அவருக்கு மெயின்டனன்ஸ் வேலை. அத்தை அளவு சொல்ல, சென்னைப் பாரிமுனைக்குப் போய் ஒரே அளவில் இரண்டு ஜோடி பேரிங் வாங்கி வந்தார். வாசற்படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். ஒரு ஜோடி கம்மென்று இருந்தது. இன்னொன்று லேசாகக் கடகடத்தது. கடகடத்ததை அத்தைக்குக் கொடுத்துவிட்டு மற்றதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

எனக்குப் பகீரென்றது. எங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் பேரிங் தெரியாதா என்ன? ஆலைகளில் கழித்துப்போட்டதை மாட்டித்தான் பலகை வண்டி ஓட்டுவோம். ஆட்டம் கண்டால் அது மிஷினுக்கு ஆகாது, எங்கள் வண்டிக்குத்தான் ஆகும். அத்தையிடம் ஓடினேன்.

“அத்தே, அப்பா உன்ன ஏமாத்துறாரு. நல்லத பையில வச்சுக்கினாரு.”

அத்தை பேரிங்கைக் காதில் வைத்து ஆட்டினாள். வாசற்படியில் இருந்த அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். “இல்ல பாப்பா, இதான் நல்லது,” என்றாள். பிறகு இன்ஜின் கூட்டைத் தோசைக்கல்லில் சூடேற்றி, பேரிங்குகளை உள்ளே இறக்கினாள். அடுத்த சில நாள் தோசையெல்லாம் விளக்கெண்ணெய் வாடை. அம்மா திட்டித் தீர்த்தாள்.

சின்ன இன்ஜின் பயங்கரமாகச் சுற்றிக் கொதிக்கும். முதலிலேயே கொஞ்சம் இடம் விட்ட பேரிங்தான் அதற்குச் சரி. இல்லையென்றால் சூட்டில் இறுகிவிடும். இது பல வருஷம் கழித்து நான் படித்துத் தெரிந்துகொண்டது. இரும்போடு புழங்கிய அப்பாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்!

ஞாயிற்றுக்கிழமை இன்ஜினைப் பலகையில் இறுக்கி, குச்சியால் விசிறியைத் தட்டினாள் அத்தை. வீலென்று கத்திக்கொண்டு கிளம்பியது. எண்ணெய் தீரும்வரை நிற்கவே இல்லை. அத்தை துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அப்பா தலையைக் குனிந்து சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நல்லா ஓடுது. போய்ட்டு வா,” என்றார்.

அன்று வீட்டில் கறிக்குழம்பு. அம்மா எவ்வளவு கூப்பிட்டும் அப்பா சாப்பிட வரவில்லை. பந்தயத்தில் தோற்ற ஆத்திரம் என்று நினைத்து எனக்கு ஒரே கொண்டாட்டம். ‘அப்பா தோத்துட்டாரு, அப்பா தோத்துட்டாரு’ என்று அவரைச் சுற்றிச் சுற்றிக் குதித்தேன். அவர் என்னை அதட்டக்கூட இல்லை.