இன்னிக்கு யாரோட முறை?

போன ஞாயிறு சென்னையில் ஒரு ஏசி ஹாலின் மேடைக்குப் பின்னால் நின்று கத்திக்கொண்டிருந்தேன். 'அது உங்களுக்கு வழக்கம்தானே' என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. இருக்கட்டும்... இந்தத் தடவை நியாயமான காரணம் இருந்தது.

என் தங்கை மகள் கலைக்குக் குரல் போய்விட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவள் மேடையில் பாட வேண்டும். வாயைத் திறந்தால் வெறும் காத்துதான் வருகிறது!

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பழவேற்காட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், வலை போட்டு வைக்கிற ஷெட்டில், ஒரு பேண்டு குடியிருக்கிறது. பெயர் 'உப்புக் காத்து'. கலை வயலின், டில்லி கிடார், வேலு டிரம்ஸ். வாசிப்பது பாப் பங்க் – தடதடவென்று ஓடும், காதைக் கிழிக்கும், ஆனால் மெட்டு மட்டும் மறுநாள் பல் தேய்க்கும்போதும் விடாது. அதில் வயலினுக்கு என்ன வேலை என்று கேட்காத ஆளே கிடையாது. கலை பொன்னேரிக்கு பஸ் ஏறிப்போய் முறையாகக் கர்நாடக சங்கீதம் கற்றவள். "கத்துக்கினத எங்க வாசிக்கக் கூடாதுன்னு டீச்சர் சொல்லலியே பெரிம்மா" என்பாள்.

ஊர்த் திருவிழாவில் ரெண்டாவது பாட்டிலேயே மைக்கைப் பிடுங்கினார்கள். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தச் சொன்னார். அடுத்த நாளே ஷெட்டில் மறுபடி தடதட... "சூடு சொரணை இருக்கா உங்களுக்கு?" என்று திட்டினேன். இருந்தது. அதனால்தான் விடவில்லை.

ஆரம்பத்தில் யார் பாடுவது என்று டில்லிக்கும் வேலுவுக்கும் அடிதடி. சட்டை கிழிந்த அன்று, கலை ஏரி வழக்கத்தைக் கொண்டுவந்தாள். எங்கள் ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. சீட்டுக் குலுக்கி முறை வைத்திருப்பார்கள். உன் முறை என்றால் அன்றைக்கு அந்த இடம் உன்னுடையது. உனக்குக் காய்ச்சலா? இடம் சும்மா கிடக்குமே தவிர, அடுத்தவன் வலை அங்கே இறங்காது.

பேண்டுக்கும் அதே சட்டம் வந்தது. ஒரு நிகழ்ச்சிக்கு ஒருத்தர் பாடுவார். "ஜனங்களுக்கு ஒரே முகம் வேணும்ப்பா, டில்லியையே பாட வைங்க" என்று சென்னை ஆட்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். ம்ஹூம்!

ஞாயிற்றுக்கிழமை நடந்தது ஒரு தேர்வு. ஜெயிக்கிற பேண்டை ஊர் ஊராக அழைத்துப்போய் மேடை ஏற்றுவார்கள். வேலுவுக்கு அதுதான் கடைசிக் கெடு. அவன் நைனா மீஞ்சூர் ஃபேக்டரி ஒன்றில் வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டார். "கெலிச்சா டிரம்ஸ் அடி. இல்லாங்காட்டி திங்கக்கெழம ஷிஃப்ட்டுக்குப் போ" – இது அவர் தீர்ப்பு.

அப்படிப்பட்ட நாளில் முறை யாருடையது? கலையுடையது. மிளகுக் கஷாயம், வெந்நீர், நாட்டு மருந்துக் கடையின் சித்தரத்தை... எதற்கும் மசியவில்லை அந்தத் தொண்டை.

"டேய் டில்லி, நீ பாடித் தொலையேன்டா!"

"இன்னா பெரிம்மா நீ? அவ முறையில நான் வலைய எறக்குவனா? ஊர்ல மூஞ்சி காட்ட முடியுமா?"

"இது ஏரி இல்லடா, ஏசி ஹால்!"

"ஏரில ஒரு நாயம், ஏசில ஒரு நாயமா?" – இது வேலு. தோற்றால் யாருக்கு நஷ்டமோ, அவனே! ஓங்கி ஒன்று வைக்கலாமா என்று இருந்தது.

கலை ரெண்டு பேரையும் கும்பிட்டுப் பார்த்தாள். 'நீங்களே பாடுங்கடா' என்று சைகை காட்டினாள். ரெண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. என் ரத்தமாச்சே! வயலினைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று மேடைக்குப் போய், பாடுகிற மைக்கைத் தாழ்த்தி வயலினுக்கு நேராக வைத்தாள்.

ஏரி வாயை மணல் அடைத்துக்கொள்வது பற்றி அவர்களே கட்டின பாட்டு அது. படகு கடலுக்குப் போக முடியாமல் நிற்கிற ஆத்திரம். அன்றைக்கு ஒரு வார்த்தைகூட யாரும் பாடவில்லை... வயலின்தான் பாடியது. "மைக் ஆன் பண்ணுங்கப்பா!" என்று எவனோ கத்தினான். கலை இன்னும் அழுத்தி இழுத்தாள். திட்டுகிற இடத்தில் வயலின் திட்டியது, கெஞ்சுகிற இடத்தில் கெஞ்சியது. பல்லவி முடிவில் "தோண்டு! தோண்டு!" என்று எல்லோரும் சேர்ந்து கத்துகிற இடம் ஒன்று உண்டு. முதல் தடவை, மேடைக்குப் பின்னாலிருந்து ஓடி வந்து உட்கார்ந்த மூணாவது வரிசையிலிருந்து நான் மட்டும் கத்தினேன். ரெண்டாம் தடவை பாதி ஹால். கடைசியில் வாட்ச்மேன் உட்பட மொத்த ஹாலும்!

ஜெயித்தார்களா? இல்லை. "பிரமாதம். ஆனா பாடுறவங்க இல்லாத பேண்டை எப்படிங்க கூட்டிட்டுப் போறது?" என்றார் ஒரு நடுவர். அவரை நான் கேட்டது பிரசுரத்துக்கு உகந்ததல்ல.

பொன்னேரி ரயிலில் எனக்கு ஆறவே இல்லை. "நீயாவது பாடியிருக்கலாம் இல்ல? நாளைக்கு ஃபேக்டரி கேட்ல நிக்கப் போறவன் நீதானடா?" என்று வேலுவைப் பிடித்துக்கொண்டேன்.

"டில்லி பாடியிருந்தா கெலிச்சிருப்போம் பெரிம்மா. அப்பறம் முறைன்னு ஒண்ணு இருக்குமா? இன்னிக்கு கலையோடத எடுத்துப்போம். நாளைக்கு நான் காய்ச்சல்ல படுத்துக்கினா, என்னோடத எடுத்துப்பாங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன். நமக்கெல்லாம் சான்ஸ் கிடைக்கவில்லை என்றுதான் வருத்தம்... அடுத்தவர் சான்ஸ் காலியாகக் கிடக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க நம்மில் எத்தனை பேருக்குத் தெம்பு இருக்கிறது?

கலை கரகரத்தாள். "ஞாயித்துக்கெழம லீவு உண்டா?"

"உண்டு" என்றான் வேலு.

"அப்ப பேஜாரே இல்ல" என்றான் டில்லி. "வர ஞாயிறு ஆரம்பாக்கத்துல ஒரு காது குத்து கீது. வரோம்னு சொல்லிட்டேன்."

அன்றைக்கு முறை வேலுவுடையது. அவன் பாடி நான் கேட்டிருக்கிறேன். குழந்தை எதற்காக அழுகிறது என்று சத்தியமாக யாருக்கும் தெரியப்போவதில்லை... ஆனாலும் அவன்தான் பாடுவான்!