பச்சை வளையக்காரி

என் வீட்டுக்காரரை எல்லாரும் மூக்கன் என்றுதான் கூப்பிடுவார்கள். உண்மையில் அவருக்குச் சப்பை மூக்கு. நீள மூக்கு அவர் காவல் காக்கிற பறவைக்கு. கருவால் மூக்கன் என்று அதற்குப் பெயர். ஈரப் புல்வெளியில் நின்றுகொண்டு, கண்வரைக்கும் அலகைச் சேற்றில் விட்டுப் புழு தேடும். எங்கே பார்த்தாலும் புல்வெளியை வடித்துக் காயவைத்து உழுதுவிடுகிறார்கள். தப்பித்த இடத்தில் நரியும் காக்கையும் முட்டையைத் தின்றுவிடுகின்றன. அதனால் இந்த இனம் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே போகிறது. மிச்சமிருக்கிற ஒரு புல்வெளியில் மதகைத் திறந்து மூடி ஈரம் காப்பதும், கூடுகளைச் சுற்றி மின்வேலி போடுவதும் இவர் உத்தியோகம். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. எங்கள் வீட்டுக் குழாய் மாசக்கணக்கில் ஒழுகும், அந்த மதகு மட்டும் ஒரு சொட்டு ஒழுகாது.

நான் இரண்டாம்தாரம். மூத்தவள் நோயில் போய்ச் சேர்ந்தாள். அவள்மேல் எனக்கு ஒன்றுமில்லை, அவள் படத்தை நானே துடைத்து வைக்கிறேன். என் வயிறு எரிவதெல்லாம் ஒரு பறவையைப் பார்த்துத்தான். ஆராய்ச்சிக்காரர்கள் பறவைகளுக்கு வளையம் மாட்ட வந்தபோது, ஒரு பெட்டையின் காலுக்குப் பச்சைதான் எடுப்பாக இருக்கும் என்று சொன்னவள் மூத்தவளாம். அந்தப் பச்சை வளையக்காரி இன்னும் நன்றாகத்தான் இருக்கிறாள். செத்தவளோடு எப்படியோ குடித்தனம் நடத்திவிடலாம். குளிர் முடிந்ததும் தவறாமல் பறந்து வந்து நிற்கிறவளை என்ன செய்வது?

அவள் வருகிற வாரத்தில் இவருக்குச் சவரம் என்ன, இஸ்திரி போட்ட சட்டை என்ன! என்னைக் கட்டிக்கொள்ள வந்த அன்று பொத்தான் போன சட்டையோடு நின்ற மனிதர் இவர். அந்தப் பறவைகளில் ஆணும் பெண்ணும் குளிர்காலத்தை வேறு வேறு தேசத்தில் கழிக்குமாம். பிறகு சொல்லி வைத்தாற்போல ஏறக்குறைய ஒரே சமயத்தில் பழைய இடத்துக்கே வந்து சேருமாம். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதைச் சொல்லி, இதுவல்லவா தாம்பத்தியம் என்று உருகுவார். நான் உள்ளே பாத்திரத்தை உருட்டுவேன்.

இந்த வருஷம் ஆண் வந்துவிட்டது, பச்சை வளையக்காரியைக் காணோம். ஆண் காத்திருந்தது, ஆனால் கொஞ்ச நாள்தான். வளையமில்லாத புதுப் பெட்டை ஒன்று வந்து இறங்கியது. புல்லுக்குள் கூடு அமைந்தது, நாலு முட்டையும் ஆயிற்று. அதற்கப்புறம்தான் பச்சை வளையக்காரி வந்து சேர்ந்தாள். வழியில் என்ன புயலோ, என்ன சங்கடமோ. தன் இடத்தில் இன்னொருத்தி அடைகாப்பதைப் பார்த்துவிட்டு ஓரத் தண்ணீரில் போய் நின்றுகொண்டாள்.

மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. மூத்தவள் போனபோதும் அண்ணன் இப்படித்தான் இருந்தான் என்றாள் என் நாத்தனார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது அவளுக்கு.

மின்வேலி கொட்டகையில் சுருட்டியபடியே கிடந்தது. கூட்டுக்குப் பக்கத்தில் நரித்தடம் தெரிகிறது என்று அவரே சொன்னார். அப்புறம் ஏன் வேலி போடவில்லை என்று கேட்டேன். பேட்டரி சரியில்லை, மண் இளகிக் கிடக்கிறது என்று சாக்குப்போக்குச் சொன்னார். நான் விடவில்லை. கடைசியில் மனசில் இருந்தது வெளியே வந்தது.

"அவ இடத்துல இன்னொருத்தி உட்கார்ந்திருக்கா. அதுக்கு நான் வேலி வேற போடணுமா?"

எனக்குச் சுரீரென்றது. நரி வந்து கூட்டைக் கலைத்தால் பழையவளுக்கு இடம் கிடைக்கும், அதுதானே கணக்கு? ஒவ்வொரு முட்டையும் பொன் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணுகிறவருக்கு இந்த நாலு முட்டை மட்டும் கசந்துவிட்டது. தைத்துக்கொண்டிருந்த துணியை மெஷினிலேயே விட்டுவிட்டு எழுந்தேன். கொட்டகைக்குப் போய் வேலிச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். நீ போட்டால் கோணலாகத்தான் போடுவாய் என்று முணுமுணுத்துக்கொண்டே பேட்டரியையும் சுத்தியலையும் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

ஆள் நெருங்கினால் கத்திக்கொண்டு கிளம்புகிற ஜாதி அது. இந்தப் புதியவள் கிளம்பவில்லை. புல்லோடு புல்லாக அழுந்தி, எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவளுக்குப் பயமே இல்லையே," என்றார், வேலி முளையை அடித்துக்கொண்டே.

"பயம் இல்லாம என்ன? எழுந்தா இடம் போயிடும்னு அவளுக்குத் தெரியும்."

சுத்தியல் நின்றது. மனிதர் ஒன்றும் அசடு இல்லை.

"உன்னை யாரு எழுப்பப் போறாங்க?"

நான் தண்ணீர்ப் பக்கம் கையை நீட்டினேன். "அதோ, தினமும் வந்து நிக்கிறாளே."

"அது பறவைடி."

"எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுதா?"

 என் கையிலிருந்து அவர் அடுத்த முளையை வாங்கி ஆழமாக அடித்தார். வேலி முடிகிறவரைக்கும் அவர் தண்ணீர்ப் பக்கம் திரும்புகிறாரா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை திரும்பினார்.