தெலுங்கில் சொன்னது ஸ்பானிஷுக்குப் போகாது

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் மில் ஒன்றில் எனக்கு வியாபாரிகளுக்கு ஸ்பானிஷில் மொழி மாற்றிச் சொல்லும் வேலை. ஹாஸ்டலில் இருந்தபோது ஸ்பெயின் கன்னியாஸ்திரீகள் சொல்லிக்கொடுத்த மொழி. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து ஒன்பது வருடம் பஸ்ஸில் போய்வந்தேன். மில்லில் எல்லாருக்கும் நான் டீச்சர். யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுத்ததில்லை.

அங்கே ஒரே ஒரு சட்டம். முதலாளி தமிழில் சொன்னால் நான் ஸ்பானிஷில் சொல்ல வேண்டும். மேனேஜரிடம் தங்கள் தெலுங்கில் சொன்னால், எனக்கும் புரியும் என்றாலும், அது வீட்டுப் பேச்சு. காதில் விழலாம், வாயில் வரக்கூடாது. வியாபாரிகளைப் பற்றிய எத்தனையோ வசவுகளை அப்படி விழுங்கியிருக்கிறேன்.

பஸ்ஸில் படிக்க ஒரு ஸ்பானிஷ் புத்தகம் வைத்திருந்தேன். அந்தக் காலத்து ஸ்பெயின் அரசவைகளில் மொழி மாற்றிச் சொன்ன யூதர்களைப் பற்றியது. அரபு நூலைப் பார்த்து யூதப் பண்டிதர் அந்த ஊர்ப் பேச்சில் வாய்விட்டுச் சொல்வாராம்; பக்கத்தில் ஒருவர் லத்தீனில் எழுதிக்கொள்வாராம். அரசனுக்கு வரும் கடிதம், தூது, எல்லாவற்றிலும் அவர்கள் இருந்திருக்கிறார்கள். பல தலைமுறை இப்படி உழைத்த பிறகு, மதம் மாறு, இல்லையென்றால் நாட்டைவிட்டுப் போ என்று உத்தரவு. அதை அவர்களிடம் யார் நேரில் சொன்னார்கள் என்று தேடிப் பார்த்தேன். புத்தகத்தில் இல்லை.

அந்தப் புத்தகத்தை முடித்த வாரம் முதலாளி, பேசினால் தானே மொழி மாற்றிச் சொல்லும் போன் ஒன்று வாங்கியிருந்தார். இந்த வேலை போனால், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஸ்பானிஷை வைத்துக்கொண்டு நான் பால்கோவாதான் கிண்ட வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஸ்பெயின் வியாபாரியோடு வீடியோவில் பேச்சு. கடைசியில் முதலாளி திரையைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "அடுத்த மாசத்துலருந்து போனே மொழி மாத்திச் சொல்லிரும். டீச்சர நிப்பாட்டிருதோம்."

தமிழ்தான். சட்டப்படி ஸ்பானிஷில் சொன்னேன். டீச்சர் என்ற இடத்தில் மொழி மாற்றிச் சொல்லும் அம்மா என்று வைத்தேன். வாக்கியம் சரியாகத்தான் இருந்தது.

வியாபாரி ஒரு கேள்வி கேட்டார். அதையும் முதலாளியிடம் சொன்னேன். "அந்தம்மாவுக்கு இது தெரியுமான்னு கேக்காரு."

முதலாளி என்னைப் பார்க்கவில்லை. மேனேஜர் பக்கம் திரும்பி, இன்னும் சொல்லவில்லை, நீயே எப்படியாவது சொல்லிவிடு என்றார். தெலுங்கில்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அதையும் ஸ்பானிஷில் சொன்னேன். ஒரு சொல் விடவில்லை.