ஹேமா கேட்க வைத்த கேள்வி

மறைமலை நகரில் ஒரு கம்பெனி வாசலில் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது ஹேமாவின் கணவர் போன் செய்தார். "பிரபு சார், ஹேமா போயிட்டா" என்றார். எங்கே என்று கேட்டுவிட்டேன். முந்தின நாள் மாலைதான் ஹேமா தலைவலி என்று சொல்லிவிட்டுப் பொழிச்சலூரில் இருக்கும் வீட்டுக்குக் கிளம்பியிருந்தார். மூளையில் ரத்தக் கசிவாம். பிடித்திருந்த பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஹேமாவைத் தெரிந்தவர்களுக்கு அவருடைய பயமும் தெரியும். முடிச்சூரில் நானும் என் மைத்துனன் முரளியும் நடத்தும் ஷெட்டில், த்ரீடி பிரிண்டர்களை இயக்கும் சாஃப்ட்வேர் முழுக்க அவர் பொறுப்பு. லிஃப்டில் ஏற மாட்டார், லாரிகள் பறக்கும் ஜிஎஸ்டி ரோட்டைத் தனியாகக் கடக்க மாட்டார். "பயந்தாங்கொள்ளி" என்று முரளி கிண்டல் செய்தால், "ஆமா, அதனாலதான் முழுசா இருக்கேன்" என்பார்.

எங்கள் பெரிய பிரிண்டருக்கு இரண்டு தலைகள். பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றும் தலைகள் அவை. ஒன்று மெஷினின் கையில் மாட்டியிருக்கும்போது மற்றது பக்கத்துக் கொக்கியில் தொங்கும். எங்கள் பக்கம் மழை தூறினாலே கரண்ட் போய்விடும். திரும்ப வந்ததும் எந்தத் தலையை மாட்டியிருந்தோம் என்பதே மெஷினுக்கு மறந்திருக்கும். கையில் ஒன்றை வைத்துக்கொண்டே இன்னொன்றை எடுக்கப் போய் இரண்டையும் உடைத்துக்கொள்ளும். ஹேமா அதற்கு ஒரு வழி செய்தார். தலை மாறும்போதெல்லாம் அதன் எண் ஒரு சின்ன ஃபைலில் பதிவாகும். மெஷின் மறுபடி உயிர் பெற்றதும் முதலில் அதைப் படித்து, தலையைத் தானே கொக்கியில் கொண்டுபோய் மாட்டிவிடும். அன்று எல்லோருக்கும் பாதாம் பால் வாங்கிக் கொடுத்தார்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. மெஷினை அணைத்துத் துடைத்தோம். தலையைக் கழற்றிச் சுத்தம் செய்து, பொட்டு வைத்து, பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று இரண்டையும் கொக்கியிலேயே மாட்டினேன். ஃபைலுக்கு அது எப்படித் தெரியும்? மறுநாள் முரளி கொக்கிப் பக்கம் மாலையை அவிழ்த்துக்கொண்டிருந்தான். ஸ்விட்சைப் போட்டேன். இல்லாத தலையை மாட்டுவதற்கு மெஷினின் கை பாய்ந்து வந்தது. மயிரிழையில் அவன் விரல்கள் தப்பின. மாலை நார் நாராகிவிட்டது. "இன்னா மச்சான், கொல்லப் பாத்தியா?" என்றான். சிரிக்கத்தான் பார்த்தான், சிரிப்பு வரவில்லை.

ஹேமா சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். "மறந்து போற மெஷின்கூடப் பரவால்லண்ணா. தப்பா ஞாபகம் வெச்சிருக்கு பாருங்க, அதான் பயமா இருக்கு" என்றார். அன்றே புரோகிராமை மாற்றினார். அதற்குப் பிறகு மெஷின் ஃபைலைப் படிக்கும், ஆனால் அசையாது. திரையில் கேட்கும்: "இரண்டாம் தலை மாட்டியிருப்பதாக ஞாபகம். கண்ணால் பார்த்தீர்களா?" ஆம் என்று அழுத்தினால்தான் கை கொக்கிப் பக்கம் போகும்.

இந்தக் கேள்வி முரளிக்குப் பேஜாராக இருந்தது. நாளுக்கு நாலு தடவை கரண்ட் போனால் நாலு தடவையும் குனிந்து பார்க்க வேண்டும். எடுத்துவிடச் சொல்லிக்கொண்டே இருந்தான். ஹேமா மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. "என்னை வேணா எடுத்துடுங்க, அதை எடுக்காதீங்க" என்றார். விளையாட்டாகச் சொன்ன வார்த்தை.

காரியம் முடிந்த பிறகு ஷெட்டைத் திறந்தோம். அவர் இல்லாமல் மெஷினைப் போட எனக்குத் துணிச்சல் இல்லை. ஏதாவது தப்பாகப் போனால் யாரைக் கேட்பது? அவர் எழுதியதில் ஒரு வரியைத் தொடக்கூட எங்கள் இருவருக்கும் தெரியாது. முரளி கொக்கிகளில் படிந்திருந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஸ்விட்சைப் போட்டேன். திரையில் கேள்வி வந்தது.

"ரெண்டுதான் மச்சான். கடைசியா அதுலதான் ஓட்டிகினு இருந்தோம். அமுக்கு."

எனக்கும் அப்படித்தான் ஞாபகம். அழுத்தப் போன விரலை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தேன். மெஷினின் கை காலியாக இருந்தது. இரண்டாம் தலை கொக்கியில் தொங்கியது. அதன் முனை பளிச்சென்று துடைக்கப்பட்டிருந்தது. தலைவலியோடு கிளம்பிய அந்த மாலை, மெஷினை அணைத்துவிட்டு ஹேமா அதைக் கழற்றிச் சுத்தம் செய்திருக்கிறார். எங்களிடம் சொல்ல மறந்திருக்கிறார். அவ்வளவு பயந்த பெண்ணே மறந்திருக்கிறார். முரளியின் கை அந்தத் தலையின் மேலேயே இருந்தது.

"கைய எடு" என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு எடுத்தான். காலியான கையையும் தொங்கும் தலையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து அழுதான். மயானத்தில்கூட அவன் அழவில்லை.

ஹேமாவின் படத்தை ஷெட்டில் மாட்டலாம் என்றார்கள். வேண்டாம் என்றேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பயம். தினமும் காலையில் குனிந்து பார்க்கிறேன், முரளி எங்கே நிற்கிறான் என்றும் பார்க்கிறேன். அதற்குப் பிறகுதான் ஆம் என்று அழுத்துகிறேன்.